டோபமைன் மட்டத்தைக் காக்கும் புரதங்கள்

நடுக்குவாத நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சர்க்கரைக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கிறீர்கள், தைராய்டுக்கும் பார்க்கிறீர்கள், டோபமைன் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துச் சொல்லக் கூடாதா?" கேள்வி நியாயமானது. டோபமைன் குறைவதால்தான் இந்நோய் வருகிறது என்று நாங்களே சொல்கிறோம்; எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அறிய விரும்புவது இயல்பே. ஆயினும் அப்படியொரு இரத்தப் பரிசோதனை இல்லை. இரத்தத்தில் உள்ள டோபமைன் மூளைக்குள் நுழைவதில்லை. மூளையில் உள்ள டோபமைனின் நிலையை இரத்தம் காட்டுவதும் இல்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. மூளையில் டோபமைனின் அளவு ஒரே எண்ணாக எழுதிக் கொடுக்கக் கூடியதன்று. அது நொடிக்கு நொடி ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை நடத்துபவை, ஒன்றையொன்று பற்றியும் விலக்கியும் வேலை செய்யும் சில புரதங்கள்.

அந்தப் புரதங்களைப் பற்றியே இவ்விதழில் எழுதுகிறோம். பாடப் புத்தகச் செய்திபோல் தோன்றலாம். ஆனால் மாத்திரையை உணவோடு சேர்த்து விழுங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கும், வாயுத் தொல்லைக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையின் பெயரைக் கேட்பதற்கும், உலையிலோ வெல்டிங்கிலோ வேலை பார்த்தவரிடம் அந்த வேலையைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பதற்கும் காரணம் இப்புரதங்களின் நடத்தையில்தான் இருக்கிறது.

பூண்டி ஏரியைப் போல

நம் மாவட்டத்தினருக்கு இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் மழையை மட்டும் பொறுத்ததன்று. கண்டலேற்றிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வரும் கிருஷ்ணா நீர் எவ்வளவு, புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் திறந்துவிடுவது எவ்வளவு, எந்த மதகு எவ்வளவு நேரம் உயர்த்தப்பட்டது என்பவை எல்லாம் சேர்ந்தே மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஏரி நிரம்பினால் மேலிருந்து வரும் வரத்தைக் குறைக்கச் சொல்லித் தகவல் போகும்.

மூளையிலும் வரத்து உண்டு, சேமிப்பு உண்டு, திறப்பு உண்டு. ஒவ்வொரு மதகிலும் ஒரு புரதம் நிற்கிறது. ஓரிடத்தில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது: ஏரியை விட்டுப் போன நீர் திரும்புவதில்லை, நரம்பணு வெளியிட்ட டோபமைனில் பெரும்பகுதி மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது.

வரத்து

டோபமைனைச் செய்யும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை நடுமூளையில் உள்ளன. அங்கே கருநிறம் கொண்ட சிறு பட்டை ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அணுக்கள் நீண்ட இழைகளை மூளையின் உட்பகுதிக்கு அனுப்பி, நம் அசைவுகளைச் சீராக்குகின்றன. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாத நோயில் இந்தப் பட்டையின் அணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. முதல் நடுக்கமோ மந்தமோ வெளியே தெரியும் வேளையில், இழைகளின் நுனியில் இருக்க வேண்டிய டோபமைனில் பாதிக்கும் மேல் குறைந்திருக்கும். அதுவரை குறைவு வெளியே தெரியாமல் மறைத்து வைப்பதும் நாம் பேசவிருக்கும் புரதங்களின் சாமர்த்தியமே.

உணவிலுள்ள புரதம் செரிக்கும்போது டைரோசின் என்னும் அமினோ அமிலம் கிடைக்கிறது. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அதை லெவோடோபாவாக மாற்றுகிறது. இன்னொரு நொதி லெவோடோபாவை டோபமைனாக மாற்றுகிறது. இரண்டில் முதல் நொதியே வேகத்தை நிர்ணயிக்கிறது. 1964இல் கண்டறியப்பட்ட இந்நொதியும் ஒரு புரதமே. டோபமைன் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், அந்த டோபமைனே சென்று நொதியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடும். நரம்பணுவுக்கு வேலை கூடும்போது, நொதியின் குறிப்பிட்ட இடங்களில் பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. ஒட்டியிருந்த டோபமைன் கழன்றுகொள்ள, நொதி மீண்டும் இயங்குகிறது. பாஸ்பேட் ஏறிய நொதியை 14-3-3 என்ற புரதம் வந்து பற்றிக்கொண்டு, அது விரைவில் அணைந்துவிடாமல் காக்கிறது. பெயர் விநோதமாக இருக்கிறதே என்று கேட்கலாம். ஆய்வகத்தில் மூளைப் புரதங்களைப் பிரித்தபோது அது விழுந்த கூறின் எண்ணே பெயராக நிலைத்துவிட்டது. வேறு உட்பொருள் ஏதுமில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் புரதமும் உண்டு. அதன் பெயர் ஆல்பா சைனூக்ளின். 140 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். அது அதே நொதியைப் பற்றி அதன் வேகத்தைத் தணிக்கிறது என்று ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் கண்டிருக்கிறார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

சேமிப்பும் சர்ப்பகந்தியும்

உண்டான டோபமைன் நரம்பணுவுக்குள் திறந்த நிலையில் கிடந்தால் சிதையும். சிதையும்போது அணுவையும் புண்படுத்தும். ஆகவே ஒரு கடத்திப் புரதம் அதை உடனுக்குடன் நுண்ணிய பைகளில் ஏற்றி வைக்கிறது. இந்தப் புரதம் எவ்வளவு இன்றியமையாதது என்பது உலகுக்குத் தெரிய வந்ததில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பங்கு உண்டு.

சர்ப்பகந்தி வேரை இந்திய வைத்தியர்கள் நெடுங்காலமாக உறக்கமின்மைக்கும் மனக் கொந்தளிப்புக்கும் கொடுத்து வந்தார்கள். அது உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசெர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்ட சிலருக்கு உடல் இறுகி, நடை மந்தமாகி, நடுக்குவாதம் வந்தவரைப் போலவே ஆயினர். காரணம் பின்னரே விளங்கியது: பைகளில் ஏற்றும் அந்தக் கடத்திப் புரதத்தை ரெசெர்பின் அடைத்துவிடுகிறது. ஏற்ற ஆளில்லாத டோபமைன் வெளியே கிடந்து அழிந்துபோகிறது.

1957இல் ஸ்வீடன் அறிவியலாளர் அர்விட் கார்ல்சன், ரெசெர்பின் கொடுத்து அசைவற்றுப் படுத்துவிட்ட முயல்களுக்கு லெவோடோபாவை ஊசியில் செலுத்தினார். அவை சிறிது நேரத்தில் எழுந்து நடமாடத் தொடங்கின. 1960இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகிவிச், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதை அளந்து காட்டினார். மறு ஆண்டு நோயாளிகளுக்கு லெவோடோபா செலுத்திப் பார்க்கப்பட்டது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றில் நமக்கு மிக நெருக்கமான பகுதி ஒன்று பலருக்குத் தெரியாது. கார்ல்சனின் முயல்களுக்கு 20 ஆண்டுகள் முன்பே, 1937இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், இராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைத் தூய நிலையில் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அது எதற்குப் பயன்படும் என்று அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. அதற்கும் முன்னர், 1913இல், சுவிட்சர்லாந்தில் மார்கஸ் குகன்ஹைம் ஒருவகை அவரை விதையிலிருந்து அதையே எடுத்து, என்ன செய்கிறது என்று பார்க்கத் தாமே இரண்டரை கிராம் விழுங்கி, வாந்தியெடுத்துத் துன்பப்பட்டார். மாத்திரை தொடங்கிய புதிதில் குமட்டல் வருகிறது என்று வருந்துவோர், அக்குமட்டலுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பதை அறிந்துகொள்ளலாம்.

மீட்பு

பைகளிலிருந்து வெளிவந்த டோபமைன் எதிரிலுள்ள அணுவின் ஏற்பிப் புரதங்களைத் தொடுகிறது, செய்தி சென்றுவிடுகிறது. உடனே, வெளியிட்ட நுனியிலேயே இருக்கும் மீட்புக் கடத்தி என்னும் புரதம் அதை உள்ளே இழுக்கிறது. அந்த நுனியிலேயே வேறொரு வகை ஏற்பியும் இருந்து, வெளியே டோபமைன் எவ்வளவு இருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருக்கிறது. அளவு கூடினால், வெளியீட்டைக் குறைக்கவும் மீட்பை விரைவுபடுத்தவும் அது தூண்டுகிறது. இந்த ஏற்பியும் மீட்புக் கடத்தியும் நேரடியாகவே ஒன்றையொன்று பற்றியிருப்பதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆல்பா சைனூக்ளினும் அக்கடத்தியைப் பற்றி, அதன் வேலையைச் சூழலுக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. ஆக, உற்பத்தி, சேமிப்பு, மீட்பு ஆகிய மூன்று இடங்களிலும் அதன் கை இருக்கிறது.

நல்ல நிலையில் அது உதவியாளனே. 1997இல்தான் அதன் மறுமுகம் தெரிந்தது. இத்தாலியிலும் கிரீசிலும் தலைமுறைதோறும் நடுக்குவாதம் வந்த சில குடும்பங்களில் இந்தப் புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதே ஆண்டில், நோயாளிகளின் நரம்பணுக்களில் 1912இலேயே லூயி என்பவர் கண்ட உருண்டைப் படிவுகள் பெரும்பாலும் இதே புரதம் திரண்டு கட்டியானவை என்பதும் உறுதியாயிற்று. உதவ வேண்டிய புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாகும்போது, அவை பற்ற வேண்டியவற்றைப் பற்றுவதில்லை. மரபணு மாற்றத்தால் நோய் வருவது சிறுபான்மையே என்பதையும் சொல்லிவிடுகிறோம். தந்தைக்கு வந்ததால் மகனுக்கும் மகளுக்கும் வந்தே தீரும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

பெருநகர மருத்துவமனைகளில் எடுக்கப்படும் டிரோடாட் ஸ்கேன் டோபமைனைப் படம் பிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது மீட்புக் கடத்திப் புரதத்தை. கடத்தி குறைவாகத் தெரிந்தால், அதைத் தாங்கியிருந்த இழை நுனிகள் குறைந்துவிட்டன என்று பொருள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த ஸ்கேன் தேவைப்படுவதில்லை; நடையையும் கைகளையும் பார்த்தே நோயை அறியலாம். ஐயம் தீராத சிலருக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கிறோம்.

மாத்திரையின் நேரம்

லெவோடோபா இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்படியானால் நோயின் தொடக்கத்தில் நாளைக்கு மூன்று வேளை மாத்திரை எப்படிப் போதுமாகிறது? எஞ்சியுள்ள நரம்பணுக்கள் அதை டோபமைனாக்கி, பைகளில் ஏற்றிச் சேமித்து, தேவைக்கேற்ப விடுவதால்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அணுக்கள் மேலும் குறைகின்றன. சேமிக்க இடமில்லாதபோது, மாத்திரை ஏறும்போது உடல் இளகுவதும், இறங்கும்போது இறுகுவதும் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கும்.

"மாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டது, இனி வேலை செய்யாது" என்று குடும்பத்தினர் சொல்வது இக்கட்டத்தில்தான். இந்த எண்ணம் பெருந்தீங்கு விளைவிக்கிறது. பிற்காலத்துக்கு மிச்சம் வைப்பதாக எண்ணிச் சிலர் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். சிலர் தாமாகவே பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, குறைந்தது சேமிப்பு. அதற்குத் தீர்வு வேளைகளை நெருக்குவதும், வேறு மருந்தைச் சேர்ப்பதும். என்டகாபோன், ரசாஜிலின் போன்றவை லெவோடோபாவையோ டோபமைனையோ சிதைக்கும் நொதிகளைத் தடுத்து, கிடைத்ததை நீடிக்கச் செய்கின்றன. என்டகாபோன் உட்கொள்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகும், அது இரத்தமன்று.

அதே காலத்தில் சிலருக்குக் கைகால்கள் தாமாக நெளிந்தாடும். டோபமைன் நரம்பணுக்கள் குறைந்த இடத்தில், செரட்டோனின் என்னும் வேறொரு பொருளைச் செய்யும் நரம்பணுக்கள் லெவோடோபாவை எடுத்து டோபமைனாக்கி வெளியிடுகின்றன. ஆனால் அவற்றில் டோபமைனின் மீட்புக் கடத்தி இல்லை; மட்டத்தைக் கவனிக்கும் ஏற்பியும் இல்லை. மதகுக்காரன் இல்லாத கால்வாயில் நீர் திறந்துவிட்டதைப் போன்றதுதான் அது. இந்நெளிவைக் கண்டு மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சல், உடல் இறுக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு நோய்க்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும், நடுக்குவாத மாத்திரையின் நேரங்களைச் செவிலியரிடம் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

மாத்திரை அட்டையில் 110, 125, 275 என்று எண்கள் இருக்கும். 110 என்பது 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 10 மில்லிகிராம் கார்பிடோபாவும். 125 என்பது 100உம் 25உம். 275 என்பது 250உம் 25உம். லெவோடோபா மூளையை அடையும் முன்னரே உடலில் டோபமைனாக மாறிவிடாமல் கார்பிடோபா தடுக்கிறது, குமட்டலும் குறைகிறது. கடையில் ஓர் எண் இல்லையென்று வேறெண்ணைக் கொடுத்தால் வாங்காதீர்கள், எங்களைக் கேளுங்கள்.

சாம்பாரும் சுமைவழியும்

குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் லெவோடோபா தானாகச் செல்ல முடியாது. அமினோ அமிலங்களைச் சுமந்து செல்லும் கடத்திப் புரதங்களே அதையும் சுமக்கின்றன. பருப்பு, பால், முட்டை, மீன், கறி செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வழியில் வரிசையில் நிற்கின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை ஷிப்ட் மாறும் வேளையில் மின்சார ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நெரிசலில் பின்தங்குவது எப்படியென்று சொல்லத் தேவையில்லை. இட்லியும் சாம்பாரும் உண்டு முடித்து, பாலில் மாத்திரையை விழுங்கினால், மாத்திரை வரிசையின் கடைசியில் நிற்கும்.

ஆகவே மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் முன்னதாகத் தண்ணீரில் விழுங்குங்கள். முடியாதபோது உண்டபின் ஒன்றரை மணி நேரமேனும் கழியட்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ போதும். இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்பவர்கள் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இரும்பு லெவோடோபாவைக் குடலிலேயே பிணைத்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டுப் பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அது தவறு. நடுக்குவாதத்தில் எடை குறைவதும் தசை இளைப்பதும் ஏற்கெனவே உள்ள தொல்லைகள். புரதத்தை நிறுத்தினால் அவை பெருகும். மாத்திரை உண்டபின் வேலை செய்யவில்லை என்று தெளிவாகத் தெரிபவர்கள் மட்டும், பகலில் புரதத்தைக் குறைத்து இரவு உணவில் கூட்டிக்கொள்ளலாம். அதையும் உணவியல் ஆலோசகரைக் கண்டபின் செய்வது நல்லது.

பூனைக்காலிப் பொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பொய் மருந்தன்று. விதையில் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு வரை லெவோடோபா இருக்கிறது. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வில், 30 கிராம் பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாகவே வேலை செய்தது. எச்சரிக்கைக்குக் காரணமும் இதுவே. மாத்திரையோடு பொடியையும் சேர்த்து உட்கொள்பவர் ஒரே மருந்தை இரண்டு மடங்காக உட்கொள்கிறார்; இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம், நெளிவு கூடலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். விதைக்கு விதை அளவும் மாறுபடும். உட்கொள்கிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம்.

ஏற்பியை அடைக்கும் மாத்திரைகள்

எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இப்பகுதிதான். டோபமைன் தொட வேண்டிய ஏற்பிப் புரதத்தின் மேல் முன்னரே ஏறி அமர்ந்துகொள்ளும் மருந்துகள் சில, அன்றாடம் புழங்குபவை. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரப்படும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான புளூனரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஆகியவை அவற்றுள் சில. நெஞ்செரிச்சலுக்கும் வாயுவுக்கும் விற்கப்படும் சில கேப்சூல்களில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு என்பதும் கலந்திருக்கும். பெயரின் முதல் பாதியைப் பார்த்து மயங்க வேண்டாம். லெவோடோபாவுக்கு அது நேர் எதிரி. மாதக்கணக்கில் அதை விழுங்கி வரும் முதியவருக்கு நடை சுருங்கி, முகம் உணர்ச்சியற்று, கை நடுங்கத் தொடங்கலாம். இருக்கிற டோபமைன் அப்படியே இருக்கும். அது தொட வேண்டிய இடம் அடைபட்டிருக்கும்.

இதில் ஆறுதலும் உண்டு. இவ்வகை நடுக்கம் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தணிந்துவிடும். ஆகவேதான் புதிதாக வருபவரிடம், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறோம். ஆனால் மனநோய்க்கான மருந்தை எவரும் தாமாக நிறுத்தக் கூடாது. அதைக் கொடுத்த மருத்துவரோடு பேசியே மாற்ற வேண்டும். ஏற்கெனவே நடுக்குவாதம் உள்ளவருக்கு வாந்தி வந்தால், மூளைக்குள் அதிகம் நுழையாத டோம்பெரிடோனை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலும் கவனம் தேவை.

உலையும் வெல்டிங்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. உருக்கைச் செய்ய மாங்கனீசு வேண்டும்; வெல்டிங் கம்பியிலும் அது இருக்கிறது. சிறிதளவு மாங்கனீசு உடலுக்குத் தேவையே. உணவில் வருவதைக் கல்லீரல் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடும். அதற்கும் தனிக் கடத்திப் புரதங்கள் உண்டு. புகையாக மூச்சில் போவது கல்லீரலைக் கடக்காமலே இரத்தத்தில் கலந்து மூளைக்குச் செல்லும். கல்லீரல் கெட்டவர்களுக்கு, குறிப்பாக மதுவால் கெட்டவர்களுக்கு, வெளியேற்றமும் குறைவு.

மாங்கனீசுத் தாதுவை அரைத்த தொழிலாளர்களுக்கு நடை தடுமாறியதை 1837இலேயே ஜான் கூப்பர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எழுதிவைத்தார். லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தால் நோயாளிகள் தாங்குவார்கள் என்று 1967இல் உலகுக்குக் காட்டிய ஜார்ஜ் கோட்சியாஸ் என்பவரும், சிலி நாட்டு மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளர்களின் நோயை ஆராய்ந்தவரே. இன்று நீங்கள் உட்கொள்ளும் மாத்திரையைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏற்றும் முறை அவரிடமிருந்து வந்தது.

மாங்கனீசால் வரும் நோய் நடுக்குவாதத்தைப் போலத் தோன்றினாலும் வேறுபாடுகள் உண்டு. பின்னோக்கி நடக்க முடியாமை, முன்பாதத்தில் ஊன்றிச் சேவல்போல் நடத்தல், காரணமற்ற எரிச்சல் அல்லது அடக்க முடியாத சிரிப்பு ஆகியவை முன்கூட்டியே வரலாம். ஓய்விலிருக்கும் கையின் நடுக்கம் குறைவாக இருக்கும். இதில் டோபமைன் நரம்பணுக்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும்; டோபமைனை வெளியிடும் செயலே தடைபடுகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே லெவோடோபா அதிகம் உதவுவதில்லை. முதல் மருத்துவம், அந்தப் புகையிலிருந்து விலகுவது.

வெல்டிங் வேலை பார்ப்பவர் எல்லாருக்கும் இது வரும் என்பதில்லை. ஆனால் தொட்டிக்குள்ளோ மூடிய அறையிலோ புகை போக வழியின்றி ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்திருந்தால், மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது இப்புகையைத் தடுக்காது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடும் உரிய முகக்கவசமும் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மாங்கனீசு நஞ்சேற்றமும் இருந்தது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்திலும் அது தொழில்வழி நோயாகவே வைக்கப்பட்டிருந்தது. வேலை போய்விடுமோ என்றஞ்சி வேலையின் தன்மையை மறைப்பவர்கள் இழப்பீட்டையும் இழக்கிறார்கள்.

அடுத்த முறை வரும்போது

டோபமைனை அளந்து காட்ட முடியாவிட்டாலும், அதன் மட்டம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை வீட்டிலிருப்பவர் எங்களைவிட நன்றாகப் பார்க்கிறார். வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: மாத்திரை விழுங்கிய நேரம், உணவு உண்ட நேரம், உண்டது என்ன, உடல் இளகிய நேரம், இறுகிய நேரம், நெளிவு வந்திருந்தால் அதன் நேரம். ஷிப்ட் வேலையால் இருவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் ஒரே நோட்டில் இருவரும் எழுதட்டும். எழுத இயலாதவர்கள் மணியைச் சொல்லிக் கைபேசியில் பதிவுசெய்து வந்தாலும் போதும். மாத்திரைப் பையையும், வேறு மருத்துவர்கள் தந்த பழைய சீட்டுகளையும், காலை வேளை மாத்திரை ஒன்றையும் உடன் எடுத்து வாருங்கள்; காத்திருக்கும் நேரத்தில் அதன் வேளை தவறிவிடக் கூடாது.